சத்தமே போடாத கம்பிக்கு ஒரு சலாம்

கேபிளைப் பற்றி நான் வாயைத் திறந்தால் போதும், வீட்டில் ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்துவிடும். மனைவி குக்கரைப் பார்க்கப் போய்விடுவார். மகன் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவான். போகட்டும். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள். மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவருக்கும், வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டவருக்கும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சந்தோஷங்களில் முதலிடம் நல்ல கேபிளுக்குத்தான். புது மாட்யூல் அப்புறம், புது மைக் அப்புறம். இதை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாடுலர் தெரியாதவர்களுக்காக நாலு வரி. கடையில் வாங்கும் கீபோர்டில் ஒலி பிறக்கும் இடம், அதை வடிகட்டும் இடம், ஏற்றி இறக்கும் இடம் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே இணைத்துப் பெட்டிக்குள் மூடிவிடுகிறார்கள். மாடுலரில் அவை தனித்தனி மாட்யூல்கள். ஆசிலேட்டர் ஒரு பக்கம், ஃபில்டர் ஒரு பக்கம், என்வலப் ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று தெரியாததுபோல நிற்கும். நீங்கள் கேபிள் செருகினால்தான் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை. ஒலியும் கேபிளில்தான் போகிறது, ‘இந்தச் சுரத்தை வாசி’ என்கிற கட்டளையும் மின்னழுத்தமாக அதே மாதிரிக் கேபிளில்தான் போகிறது. ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே. ஃபில்டருக்குப் போக வேண்டியதை ஆசிலேட்டருக்கே திருப்பி விட்டால் அதுவரை யாரும் கேட்டிராத ஓர் அலறல் பிறக்கும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதுதான் அங்கே பாட்டு. அப்படியிருக்க, மாட்யூலுக்கு மாதக்கணக்கில் விமர்சனம் படித்துவிட்டுக் கேபிளை மட்டும் ‘ஏதோ ஒன்று கொடுங்க’ என்று வாங்குகிறவர்களை என்ன செய்வது?

ராபர்ட் மூக் 1960-களின் நடுவில் அமெரிக்காவில் மாடுலர் செய்யத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது கால் இஞ்ச் பிளக். 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் செருகிச் செருகி எடுத்த அதே வம்சம். நம் ஊர்க் கடையில் பி-38 என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அதுதான். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா வேறு வழியில் போனார். ஒலிக்கு ஷீல்டு உள்ள சின்ன 3.5 மில்லிமீட்டர் பிளக், கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்குப் பரிசோதனைக்கூடங்களில் பயன்படும் பனானா பிளக். லண்டனில் 1969-இல் வந்த இ.எம்.எஸ். நிறுவனத்தின் வி.சி.எஸ்.3 கேபிளையே ஒழித்துவிட்டு, ஒரு கட்டப் பலகையில் சின்னச் சின்ன ஊசிகளைக் குத்தி இணைக்கச் சொன்னது. அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கம்பி தொங்க வேண்டும், கையில் அகப்பட வேண்டும்.

அந்த 1969-இலேயே மூக் மாடுலர் ஒன்று இந்தியாவுக்கும் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அதில் வேலை செய்தார்கள். அவர்கள் பதிவு செய்த நாடாக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அதைக் கேட்கும்போதெல்லாம் ஒலியைவிட, அகமதாபாத் வெயிலில் வியர்த்த கைகள் பி-38 பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு முற்றிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

இன்று பெரும்பாலோர் வைத்திருப்பது யூரோராக். மியூனிக் பக்கத்தில் டீட்டர் டோஃபர் என்பவர் 1990-களின் நடுவில் கொண்டுவந்த ஏ-100 வரிசையிலிருந்து வளர்ந்த அளவுமுறை அது. மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தின் அலகு 5.08 மில்லிமீட்டர், பிளக் 3.5 மில்லிமீட்டர் மோனோ. இந்த எண்களை மனத்தில் வையுங்கள். கேபிள் வாங்குவதில் பாதி சங்கதி இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பெரிய மூடநம்பிக்கையை ஒழித்துவிடுவோம். மாட்யூல்களை இணைக்கும் கேபிளுக்குப் பேட்ச் கேபிள் என்று பெயர். ‘இந்தப் பேட்ச் கேபிள் போட்டால் பாஸ் கனமாகக் கேட்கும், அந்தக் கேபிள் போட்டால் ட்ரெபிள் இனிக்கும்’ என்பார்கள். இல்லை ஐயா, இல்லவே இல்லை. கேபிளுக்குள் இரண்டு கடத்திகள் அருகருகே ஓடுவதால் அது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். யூரோராக் மாட்யூலின் வெளியீட்டில் வழக்கமாக இருக்கும் தடை 1000 ஓம். இரண்டும் சேர்ந்து மேல் அலைவரிசைகளை வெட்டத் தொடங்கும் இடம் ஏறக்குறைய 16 லட்சம் ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸிலேயே கைவிரித்துவிடும். வௌவால் வந்து உட்கார்ந்து கேட்டாலும் வித்தியாசம் தெரியாது.

கிடாரில் கதை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிடாரின் வால்யூமைப் பாதியில் வைத்தால் வெளியீட்டுத் தடை ஒரு லட்சம் ஓமைக்கூடத் தாண்டலாம். அதில் ஆறு மீட்டர் கேபிளை மாட்டினால் மேல் ஒலிகள் காதுக்குத் தெரியும்படி மங்கும். அங்கே குறைந்த கெப்பாசிட்டன்ஸ் கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. கிடார்காரர்களின் அனுபவத்தைக் கொண்டுவந்து மாடுலர்காரர்களின் தலையில் கட்டியதில்தான் பாதிக் கட்டுக்கதைகள் முளைத்தன.

மாடுலரில் கேபிள் ஒலியை மாற்றாது என்பதை நம்பாதவர்களுக்கு புக்லாவின் பனானா கேபிளே சாட்சி. பிறகு 1970-களில் செர்ஜ் செரெப்னின் செய்த மாடுலரில் ஒலிக்கும்கூட பனானாதான். அது என்ன தெரியுமா? ஒற்றைக் கம்பி. ஷீல்டு கிடையாது, எர்த் கிடையாது. எர்த் பெட்டியின் உடம்பு வழியாகப் போய்விடும். இவ்வளவு மொட்டைக் கம்பியில் அரை நூற்றாண்டாக இசை செய்கிறார்கள், இரைச்சல் என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. சிக்னல் பெரிது, வெளியீட்டுத் தடை சிறிது, தூரம் குறைவு. இந்த மூன்றும் இருந்தால் சாதாரணக் கம்பியே ராஜா. இரண்டு தனிப் பெட்டிகளுக்கு நடுவே பனானா போடுவதானால் மட்டும் இரண்டின் எர்த்தையும் ஒரு கம்பியால் சேர்க்க வேண்டும். மறந்தால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யாது.

அப்படியானால் பேட்ச் கேபிளில் எதைப் பார்த்து வாங்குவது? கையைத்தான் கேட்க வேண்டும். ஒன்று, நீளம். 15, 30, 45, 60, 90 சென்டிமீட்டர் என்று கலந்து வாங்குங்கள், அதில் 30-ஐ வாரி எடுங்கள். பக்கத்து மாட்யூலுக்குப் போக 90 சென்டிமீட்டர் கேபிளைப் போட்டால் அது முகப்பின் மேல் தொங்கி, நீங்கள் திருக வேண்டிய குமிழைச் சரியாக மறைக்கும். ரொம்பக் குட்டையாக இருந்தால் ஜாக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். நீளத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் கை தானாகவே போய் எடுக்கிறது. அந்தச் சுகத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு யோசனை தோன்றுகிறது, அது மங்குவதற்குள் கேபிள் இடத்தில் இருக்கிறது. அவ்வளவு வேகம்.

அடுத்தது குழைவு. சில கேபிள்கள் பாக்கெட்டில் எப்படி மடித்து வந்ததோ அந்த மடிப்பைச் சாகும்வரை விடாது. செருகிய பிறகும் விறைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்துக் கேபிளை முட்டும். நல்ல கேபிள் செருகின உடனே தளர்ந்து கீழே விழுந்துவிட வேண்டும். கடையில் ஒன்றை எடுத்து விரலில் சுற்றி விட்டுப் பாருங்கள். விட்ட உடனே பிரிந்து தொங்கினால் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் மாதிரி சுருண்டே நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிளக்கின் இடுப்பளவை யாரும் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன். யூரோராக்கில் இரண்டு அலகு அகலமுள்ள மாட்யூல்கள் நிறைய. அகலம் வெறும் 10.16 மில்லிமீட்டர். அப்படி இரண்டு மாட்யூல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, உங்கள் பிளக்கின் உடல் 11 மில்லிமீட்டர் என்றால், இரண்டிலும் ஒரே உயரத்தில் செருக முடியாது. பளபளவென்று உலோகக் கூடு போட்ட தடித்த பிளக்குகள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், மாடுலர் முகப்பில் உதவாது. ஒல்லியான வார்ப்பு பிளக்தான் அங்கே வெல்லும். அறுந்தால் பிரித்துப் பற்றவைக்க முடியாதே என்கிறீர்களா? முடியாதுதான். வெட்டிவிட்டு வேறு பிளக் போட வேண்டியதுதான். அந்தக் குறையை நான் சந்தோஷமாகச் சகித்துக்கொள்கிறேன்.

மோனோ என்று அழுத்திக் கேளுங்கள். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் கடைப்பெயரான இபி பின்னைச் சொல்லி, இபி பின் கேபிள் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஸ்டீரியோவைத்தான் எடுத்துத் தருவார்கள்.

பிளக்கின் முதுகிலேயே இன்னொரு ஜாக் உள்ள அடுக்குக் கேபிள்களும் உண்டு. டிப்டாப் ஆடியோவின் ஸ்டாக்கேபிள் அதில் பேர்போனது. ஒரு சிக்னலை நாலு இடத்துக்குப் பிரிக்க அதைவிட இன்பமான வழி இல்லை. ஆனால் சுரத்தைச் சொல்லும் மின்னழுத்தத்தை மட்டும் அப்படிப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1000 ஓம் வெளியீட்டுத் தடையில், ஒரு லட்சம் ஓம் உள்ள ஆசிலேட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டு தொங்கினால், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சென்ட் அளவுக்குச் சுருதி இறங்கும். அரைச்சுரம் என்பது நூறு சென்ட். கச்சேரி கேட்டுப் பழகிய காது முகம் சுளிக்க அது தாராளம். சுரத்துக்கு, மின்னழுத்தம் இறங்காமல் பிரித்துத் தரும் பஃபர் வைத்த மல்டிபிள் மாட்யூல் போடுங்கள், மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குங்கள்.

சரி, பெட்டியை விட்டு அறைக்கு வருவோம். என் காதல் முழுவதும் இங்கேதான்.

மாடுலருக்குள் கேபிளுக்குச் சோதனை இல்லை என்றேன். அறைக்குள் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த 50 ஹெர்ட்ஸ் கர்நாடகக் கணக்கில் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே. அதாவது மின்வாரியம் இருபத்து நாலு மணி நேரமும் ஐந்து கட்டையில், லேசாக ஏறின சுருதியில், தம்பூரா மீட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு கட்டைப் பாடகர் வந்து பாடும்போது அது ஸ்பீக்கரில் கேட்டால் எப்படி இருக்கும்? பழைய மாடல் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அது மின்சார அலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்பி, ‘ர்ர்ர்’ என்று ஒரு கரகரப்பைச் சேர்க்கும். கரன்ட் போய், மலிவான இன்வெர்ட்டர் சதுர அலையில் ஓட ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்.

ஷீல்டு உள்ள கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் வழக்கம். பாதிதான் உண்மை. செம்புப் பின்னல் மின்புலத்தைத் தடுத்துவிடும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அது ஷீல்டைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அதைச் சமாளிப்பது உலோகம் இல்லை, வடிவம். பாலன்ஸ்டு கேபிளில் சிக்னலுக்கு இரண்டு கம்பிகள். எதிர்முனையில் உள்ள சர்க்யூட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் ஒரே அளவில் ஏறிய இரைச்சலைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒரே அளவில் ஏற வேண்டும், அதுதான் சூட்சுமம். அதற்காகத்தான் முறுக்குகிறார்கள்.

இப்போது ஸ்டார் குவாட் வருகிறது, எழுந்து நில்லுங்கள்! இரண்டு கம்பிக்குப் பதில் நான்கு. எதிரெதிரே இருக்கும் இரண்டும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு ஜோடிகளுக்கும் மையம் ஒரே புள்ளி. காந்தப்புலம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இரண்டு ஜோடிக்கும் அது ஒரே தூரத்திலிருந்து வருவதுபோலத்தான். ஏறுகிற இரைச்சலும் சமம், கழிவதும் சுத்தம். சாதாரண இருகம்பிக் கேபிளைவிடப் பத்து, இருபது டெசிபெல் குறையும் என்பது பொதுவான கணக்கு. மின் அடாப்டரை அணைத்துக்கொண்டு கிடக்கும் என் மேஜையடிக் கேபிள்களில் அதைத் தினமும் கேட்கிறேன், அதாவது ஒன்றுமே கேட்பதில்லை. ஒரு வடிவியல் உண்மையை யாரோ கம்பியாக முறுக்கிச் சுருளாக விற்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதில் என் மனம்கவர்ந்தது ஜப்பானின் கனாரே எல்-4இ6எஸ். ஆறு மில்லிமீட்டர் தடிமன். உள்ளே நான்கு கம்பிகள், இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. ஒவ்வொன்றிலும் 0.08 மில்லிமீட்டர் மெலிந்த செம்பு இழைகள் நாற்பது. சுற்றிலும் நெருக்கமான செம்புப் பின்னல். குறை ஒன்று உண்டு: நாலு கம்பி என்பதால் கெப்பாசிட்டன்ஸ் கூடுதல், மீட்டருக்கு 150 பிகோஃபாரட் அளவில். பத்து மீட்டர் போட்டு, 100 ஓம் வெளியீட்டிலிருந்து ஓட்டினாலும் வெட்டு விழுவது பத்து லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான். வீட்டு ஸ்டூடியோவில் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. மொகாமியின் 2534-ம் இதே ஸ்டார் குவாட் ஜாதிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டில் எது என்று என்னை அடித்துக் கேட்டால் கனாரே என்பேன், அதன் பின்னலுக்காக.

அந்தப் பின்னலைப் பிரிப்பது இருக்கிறதே! மேல்தோலைப் பிளேடால் மெதுவாக ஒரு சுற்று கீறி, லேசாக வளைத்தால் கீறல் வாய்பிளக்கும், உருவினால் கழன்று வரும். உள்ளே இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் பின்னல். ஓர் ஊசியை எடுத்து நுனியிலிருந்து இழை இழையாகக் கோதிவிட வேண்டும், சிக்கெடுத்துத் தலை பின்னுகிற மாதிரி. அவசரப்பட்டால் இழைகள் அறும். கோதி முடித்து ஒரு பக்கமாக முறுக்கினால், மூன்று பின் உள்ள கேனன் (எக்ஸ்.எல்.ஆர்.) பிளக்கில் பின் 1-க்கான கம்பி தயார். நீலம் இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பின் 2, வெள்ளை இரண்டையும் முறுக்கிப் பின் 3. ஒரு நீலம் ஒரு வெள்ளை என்று மாற்றிச் சேர்த்தால் ஸ்டார் குவாட்டின் மகிமை அத்தனையும் போயிற்று. பிளக்கின் கூட்டையும் பின்பக்க ரப்பரையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். ஈயம் 63/37 வாங்குங்கள், 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று இறுகும். சால்டரிங் அயர்ன் 350-ல் இருக்கட்டும். மலிவான கேபிளில் அயர்ன் பட்ட உடனே கம்பியின் உறை சுருங்கிப் பின்னால் ஓடும். கனாரேயில் உறை குறுக்குப் பிணைப்புள்ள பாலித்தீன், சூட்டுக்கு அசையாது. ஈயம் கம்பிக்குள் ஊறி, கிண்ணத்தில் பளிச்சென்று உட்காரும் அந்தக் கணம், ரோசின் புகை, அப்புறம் மல்டிமீட்டரின் ‘பீப்’. ஒரு ஞாயிறு மத்தியானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிளக்குக்கு நியூட்ரிக். கேபிளின் மேல்தோலை அழுத்திப் பிடிக்கும் அதன் தாடைக்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம். இழுபடும் விசை தோலோடு நின்றுவிடும், சால்டர் வரைக்கும் போகாது. அதே குடும்பத்தின் ரீன் விலை குறைவு, அசையாமல் ராக்குக்குப் பின்னால் கிடக்கப்போகும் கேபிளுக்கு அது போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தேட ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பியவுடன் மூக்கில் ஏறும் அந்த பிளாஸ்டிக் வாசனையே எனக்கு உற்சாகம். போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தமும் பேனாக்கத்தியும் இருக்கட்டும். ஒரு கடையில் ஜப்பான் பெயர் அச்சடித்த கேபிள் பாதி விலைக்குக் கிடைத்தது. கடையின் பெயர் வேண்டாம்.

“ஒரிஜினல் தானாண்ணே?”

“நம்ம கடையில டூப்ளிகேட்டே கிடையாது சார்.”

வீட்டுக்கு வந்து இழையைச் சுரண்டினால் செம்புத் தோலுக்குள்ளே வெள்ளையாக அலுமினியம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை சி.சி.ஏ. என்பார்கள். ஒலி போகும், ஆனால் நாலு தடவை வளைத்தால் இழைகள் முறியும், பற்றவைத்த இடமும் நிலைக்காது. காந்தம் ஒட்டினால் அது இன்னும் மோசம், உள்ளே இரும்பு. அதனால் கடையிலேயே ஒரு ஜாண் வெட்டித் தரச் சொல்லி, சுரண்டிப் பார்த்துவிட்டுச் சுருளை வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் கோபிக்கமாட்டார். கோபித்தால் பக்கத்துக் கடை இருக்கிறது.

மாடுலரிலிருந்து மிக்சருக்கு வரும் கேபிளில்தான் எனக்கு அதிகப் பெருமை. மாடுலரின் வெளியீடு பாலன்ஸ்டு இல்லை, மிக்சரின் உள்ளீடு பாலன்ஸ்டு. சாதாரண மோனோ கேபிளைப் போட்டாலும் ஒலி வரும், இரண்டு கருவிகளின் எர்த்தும் வளையமாகச் சேரும் எர்த் லூப்பின் உறுமலும் கூடவே வரலாம். நான் இங்கேயும் ஸ்டார் குவாட்டையே போடுகிறேன். மாடுலர் பக்கம் பிளக்கின் நுனியிலிருந்து ஒரு ஜோடி பின் 2-க்கு, பிளக்கின் உடலிலிருந்து மற்ற ஜோடி பின் 3-க்கு, ஷீல்டை மிக்சர் பக்கம் பின் 1-ல் மட்டும் சேர்த்து, மாடுலர் பக்கம் வெட்டி மூடிவிடுவேன். மிக்சர் இப்போது மாடுலரின் எர்த்தையே ஒரு கம்பி வழியாகப் பார்த்துக் கழித்துக்கொள்கிறது, உறுமல் போயே போய்விடுகிறது. உங்கள் மாடுலர் எர்த் முள் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் ஓடுகிறது என்றால் மட்டும் ஷீல்டை இரண்டு பக்கமும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் எர்த் அந்தரத்தில் தொங்கும். இன்னொன்று, யூரோராக் ஒலி உச்சத்திலிருந்து உச்சத்துக்கு ஏறக்குறைய 10 வோல்ட். ஸ்டூடியோவின் லைன் அளவு மூன்றரை வோல்ட் பக்கம். மாடுலரின் அவுட்புட் மாட்யூலில் குறைத்துவிட்டே அனுப்புங்கள், இல்லையென்றால் கேபிள் எவ்வளவு உத்தமமாக இருந்தாலும் உடைந்த ஒலிதான் வரும்.

கேபிளால் தீராததும் ஒன்று இருக்கிறது. சில கருவிகளில் பின் 1-ஐ உலோகப் பெட்டியோடு சேர்க்காமல் சர்க்யூட் பலகையின் எர்த்தோடு சேர்த்துவிடுவார்கள். ஷீல்டில் ஓடும் அழுக்கு மின்னோட்டம் நேராக ஆம்ப்ளிஃபையருக்குள் இறங்கும். நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1990-களில் இதை அம்பலப்படுத்தினார், ‘பின் 1 பிரச்சினை’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட கருவி உங்களிடம் இருந்தால் தங்கத்தில் கேபிள் செய்து போட்டாலும் உறுமும். குற்றவாளி கருவி, கேபிளைத் திட்டாதீர்கள்.

தங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறேன். உப்புக் காற்றில் நிக்கல் பூசிய பிளக்குகள் சில மாதங்களில் மங்கும், செருகும்போது ‘கரக்’ என்னும். எப்போதும் செருகியே கிடக்கும் ஸ்டூடியோ இணைப்புகளுக்குத் தங்கப் பூச்சு அதனால்தான், துருப்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக. ஒலி இனிமைக்காக இல்லை. தினமும் கழற்றி மாட்டும் பேட்ச் கேபிள்கள் உரசி உரசியே தம்மைத் துடைத்துக்கொள்ளும், அவற்றுக்கு நிக்கல் போதும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எப்போதாவது ஒரு துடைப்பு.

மின்சாரம் போக வேண்டிய திசைக்கு அம்புக்குறி போட்ட கேபிள், ‘எரியேற்றிப் பழக்கிய’ கேபிள், மீட்டர் ஒரு மாதச் சம்பளத்துக்கு விற்கிற கேபிள் எல்லாம் உண்டு. ஒலி என்பதே முன்னும் பின்னும் ஓடும் அலை, அதற்கு ஒரு திசை அம்பு எதற்கு? அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மாட்யூல் வாங்கலாம், அதை இணைக்க ஒரு கூடை கேபிளும் வாங்கலாம்.

மிச்சம் சின்னச் சங்கதிகள். இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். மின் வயரும் ஆடியோ வயரும் சந்திக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும், கைகோத்துக்கொண்டு ஓட வேண்டாம். சுவருக்குள் நிரந்தரமாகப் புதைப்பதற்கு ஃபாயில் ஷீல்டு போட்ட கேபிள் போதும், பெல்டன் 8451 மாதிரி. அதையே தரையில் மிதிபடும் இடத்தில் போட்டால் ஃபாயில் கிழியும்.

கீபோர்டோ மாடுலரோ மைக்கோ, எது வைத்திருந்தாலும் அடுத்த கருவிக்கு எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். 30 சென்டிமீட்டர் மோனோ பேட்ச் கேபிள் ஒரு டஜன், ஸ்டார் குவாட் இருபது மீட்டர், கேனன் பிளக் சில ஜோடி, நல்ல ஈயம் ஒரு சுருள். ஆரம்பத்துக்கு அது போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுங்கள், காந்தத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு.